வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் இன்னொரு ஷட்டர்

டிராஹெடா, அயர்லாந்து,
14.10.2025

மக்கா,

நாங்கள் சுகம். வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, அதனால் நீயும் பெர்த் நகரத்தில் சுகம் என்று வைத்துக்கொள்கிறோம். உங்கம்மா நைட் டூட்டி முடித்து வந்து தூங்குகிறாள். லூர்து மாதா ஆஸ்பத்திரியில் இந்த மாதம் அவளுக்கு நைட்தான் அதிகம்.

இதை ஆர்கோஸ் கடையின் நீலப் பேனாவில் எழுதுகிறேன். 2023 ஜூனில் இந்த நாட்டில் இருந்த அத்தனை ஆர்கோஸையும் மூடிவிட்டுப் போனார்கள். நீ அள்ளிக்கொண்டு வந்த பேனாக்கள் மட்டும் டிராயரில் பதினொன்று கிடக்கின்றன. நாலில் ஒன்று எழுதுகிறது.

கடைவீதி நீ பார்த்துவிட்டுப் போன மாதிரி இல்லை. வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் இன்னொரு ஷட்டர் இறங்கிவிட்டது. காலியாகும் இடத்தில் வேப் கடை வருகிறது, இல்லையென்றால் துருக்கிக்காரர் முடிவெட்டும் கடை. ஊரில் இத்தனை தலை இருக்கிறதா என்று உங்கம்மா கேட்கிறாள். செயின்ட் பீட்டர்ஸ் கோயிலில் உன் புனிதர் ஆலிவர் பிளங்கட்டின் தலை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது, அவருக்கு முடி வெட்ட வேண்டாம். மலையாளிக் கடையில் இப்போது மரச்சீனிக் கிழங்கு ஃப்ரீசரில் கிடைக்கிறது. வாங்கி அவித்தேன். நார்தான். நம் நாகர்கோவில் கிழங்கு மாதிரி மாவாக உடையவில்லை.

காலி டின்னையும் பாட்டிலையும் போட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரும் பாட்டில் மெஷின் நீ போன பிறகுதான் வந்தது, 2024 பிப்ரவரியில். டின்னுக்கு 15 சென்ட், அரை லிட்டருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு 25. நசுங்கினதைப் போட்டால் துப்பிவிடும். நீ கோக் குடித்துவிட்டு டின்னைக் கையால் நசுக்குவாயே, இங்கே இருந்திருந்தால் உன்னால் மாதம் ஐந்து யூரோ நஷ்டம் எனக்கு. போன சனிக்கிழமை எனக்கு முன்னால் ஒரு கிழவி மூன்று பை கொண்டுவந்து ஒவ்வொன்றாக உருட்டிவிட்டாள். அரை மணி நேரம் நின்றேன். யாரும் முணுமுணுக்கவில்லை. நல்ல ஜனங்கள், மக்கா. அதைத்தான் அன்றைக்கும் சொன்னேன்.

ராத்திரி ரயிலில் கடைசிப் பெட்டியில் ஏறாதே. பெர்த் நகரமானாலும் எந்த ஊரானாலும் சரி, டிரைவர் இருக்கிற பக்கமாகப் பார்த்து உட்கார்.

நம் ஊர் ஃபுட்பால் டீம் டிராஹெடா யுனைடெட் போன வருடம் எஃப்ஏஐ கோப்பை ஜெயித்ததே, டெர்ரியை 2-0. அதனால் ஐரோப்பாவுக்குப் போயிருக்க வேண்டும். அதே முதலாளிக்கு டென்மார்க்கிலும் ஒரு கிளப் இருக்கிறதாம், இவர்களைத் தள்ளிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். “உன் பையன் எப்படி இருக்கிறான், அவன் டின் விசில் குழல் ஊதிக் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று” என்றும் கேட்டார். பெரிய வேலையில் இருக்கிறான் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார், சரியாகச் சொல்ல வரவில்லை. நீ ஒருநாளாவது விளக்கமாகச் சொல்லியிருந்தால்தானே வரும்.

ஏழு வாரம் ஆகிறது. கணக்கு வைப்பது நானில்லை, உங்கம்மா.

ஜூலையில் டப்ளின் பக்கம் டாலாவில் நம் இந்திய ஆள் ஒருவனை அடித்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு வாரம் ஒரு செய்தி. ஆளில்லாத இடத்துக்குப் போகாதீர்கள், நேரங்கெட்ட நேரத்தில் வெளியே போகாதீர்கள் என்று இந்தியத் தூதரகமே அறிக்கை விட்டது. நைட் டூட்டி பார்க்கிறவள் எந்த நேரத்தில் போவாள்? நீ ஆகஸ்டில் போன் போட்டு, அப்பா பத்திரமா என்று கேட்டாய். இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்றாய். நான், பத்திரிகைக்காரன் ஊதிப் பெரிதாக்குகிறான், நாம் பேசாமல் இருந்தால் யாரும் நம்மிடம் வரமாட்டான் என்றேன். நீ சரிப்பா என்று வைத்துவிட்டாய். அந்த ‘சரிப்பா’வுக்குப் பிறகுதான் இந்த ஏழு வாரம்.

தூங்கப் போகும்போது போனைத் தலைமாட்டில் வைக்காதே. சாப்பாட்டுக்குத் தயிர் சேர்த்துக்கொள். கடைசிப் பெட்டி வேண்டாம்.

அல்ஸ்டர் பேங்க் 2023 ஏப்ரலில் இங்கிருந்த கிளைகளையெல்லாம் மூடிற்று, அது உனக்கே தெரியும். அந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் நடக்கிறேன். நீ ஒன்பதாவது வகுப்புப் பிராயத்தில் இருந்த வருடம், 2013 நவம்பர். நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. நான் உள்ளே கியூவில். கண்ணாடிக்கு வெளியே நீ ஸ்கூல் பையோடு வந்தாய். மூன்று பையன்கள். ஒருத்தன் உன் டின் விசிலைப் பிடுங்கி, உன் பேச்சைப் போலக் காட்டுகிறேன் என்று எதையோ ஊதினான். மற்ற இரண்டு பேரும் தலையை ஆட்டிக் காட்டினார்கள். அப்புறம் அதைக் காலால் மிதித்தான். நீ குனிந்து எடுத்துப் பேன்டில் துடைத்தாய். துடைத்துவிட்டு பேங்க் பக்கம் திரும்பினாய்.

நான் டெபாசிட் சீட்டு எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன் மக்கா. சீட்டை எழுதி முடித்துத்தான் கியூவிலேயே நின்றிருந்தேன்.

அன்று ராத்திரி விசில் ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன் என்றாய். பார்த்து உட்காரத் தெரியாதா, காசு மரத்திலா காய்க்கிறது என்று திட்டினேன். நீ ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு என்னைப் பார்த்தாயா இல்லையா, அது எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாகக் கேட்க வாய் வரவில்லை. பார்த்திருந்தால், ஆகஸ்டில் நான் பேசினது உன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. இதை உங்கம்மாவிடம் சொன்னதில்லை. நீயும் சொல்லியிருக்கமாட்டாய்.

பேனா திக்குகிறது, இது மூன்றாவது. போஸ்ட் ஆபீஸ் ஐந்தரைக்கு மூடிவிடும், இப்போது நாலே முக்கால். இவள் எழுந்திருப்பதற்குள் போய்ப் போட்டுவிட வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் போடமாட்டேன்.

அப்பா