கண்ணுவுக்கு ஒரு வீடு

அன்புள்ள பத்மா,

பேத்தியின் பெயர்சூட்டு விழாவுக்கு நான் வராத கோபம் இதற்குள் தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். முழங்கால் வலி என்று சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி, ஆறு கிலோ எடையில், இப்போது என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் ஒரு கிழ நாய்.

தீபாவளிக்கு மறுநாள் காலை எங்கள் தெரு மருந்துக்கடைப் படியில் சுருண்டு கிடந்தான். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவந்திருப்பான் என்றார்கள். கழுத்தில் பட்டை கட்டியிருந்த தடம் இருந்தது, பட்டை இல்லை. ஓடுகிற நாய் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டா ஓடும்? இப்படிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம்தான். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருந்தால் அதற்கே கூடுதலாகச் செலவாகியிருக்கும்.

வேறு வீடு கிடைக்கும் வரை வைத்துக்கொள்கிறேன் என்று வாயைக் கொடுத்தேன். டாமி, மணி, ஜிம்மி என்று எல்லாப் பெயரும் சொல்லிப் பார்த்தோம், காது அசையவில்லை. கீரைக்காரம்மா யாரையோ "வா கண்ணு" என்று கூப்பிட்டபோது எழுந்து நின்றுவிட்டான். அதையே பெயராக வைத்துவிட்டேன். இரண்டு கண்ணிலும் புரை, நிழல்தான் தெரியும். பெயர்ப் பொருத்தத்தைப் பார்!

உன் மாமியார் வீட்டில் தபால்காரரைக் கடித்ததே ஒரு வெள்ளைச் சனியன், அதே இனம். நாம் பொமரேனியன் என்போம். மருத்துவர் இந்தியன் ஸ்பிட்ஸ் என்று திருத்துகிறார். வயது பன்னிரண்டுக்குக் குறையாதாம். இதயத்தில் இடது வால்வு சரியாக மூடுவதில்லை, சின்ன நாய்களுக்கு முதுமையில் அடிக்கடி வருவதாம். காலையும் மாலையும் மாத்திரை. இட்லிக்குள் வைத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தரையில் துப்புகிறான். வீட்டில் திரித்த பன்னீருக்குள் வைத்தால் ஏமாந்துபோகிறான். உப்பு கூடாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், இவன் தட்டையே தேய்த்துவிடுவான் போலிருக்கிறது. இரவில் தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். 30க்குள் இருந்தால் கவலையில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று எண்ணிக்கொண்டே நானும் தூங்கிவிடுகிறேன்.

நானே வைத்துக்கொள்ளலாமே என்பாய். நுரையீரலில் நீர் சேராமலிருக்க ஒரு மாத்திரை தருகிறார்கள். அது உள்ளே போனால் மணிக்கொரு தரம் வெளியே போக வேண்டும். எனக்கோ மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியே முழங்கால் இந்த நிலைக்கு வந்தது. பங்குனியில் அறுவைச் சிகிச்சை. பிறகு மூன்று மாதம் பெங்களூரில் மகள் வீடு. மாப்பிள்ளைக்கு ஆஸ்துமா.

இதுவரை ஏழு பேர் விசாரித்தார்கள். ஏழு பேரும் கேட்டது ஒன்றுதான்: "இன்னும் எத்தனை வருடம் இருக்கும்?" எனக்கு எத்தனை வருடம் என்று தெரிந்தால் அல்லவா அவனுடையதைச் சொல்வதற்கு! எப்போது எழுவான், எங்கே படுப்பான் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தரைக்கு எழுவான். வாசல் மிதியடிதான் படுக்கை, மெத்தை வாங்கியது தண்டம். குரைப்பதே இல்லை, குக்கர் விசிலுக்கு மட்டும் ஒரு முறை.

உங்கள் கீழ்வீட்டு வாத்தியார் தம்பதியின் நாய் போன வருடம் இறந்தது என்று எழுதியிருந்தாயே. தரைத்தளம், சின்னத் தோட்டம், நாள் முழுக்க வீட்டில் ஆள். ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். நோயை மறைக்காதே, மாத்திரைச் செலவையும் சேர்த்தே சொல். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. சரி என்றால் நானே காரில் கொண்டுவந்து விடுகிறேன். ரயிலில் முதல் வகுப்பில் தனி அறை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்குப் பெட்டிக் கூண்டு. கூண்டை அவன் தாங்க மாட்டான். ஐந்நூறு கிலோமீட்டர், வழியில் சேலத்தில் உன் அண்ணன் வீட்டில் இறங்கிக்கொள்கிறோம். அண்ணியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
விசாலம்

பி.கு.: நேற்று இரவு 24.