மேடையில் சொல்லாமல் விடுவது

மயிலாடுதுறை,
ஆடி மாதம்.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நாள் தவறாமல் விடச் சொல். இங்கே கடைமடை வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் குறுவை நடவு முடியும் தறுவாயில் இருக்கிறது. ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகளோடு வருகிறேன் என்று பெரியவன் போன் செய்தான். வந்தால்தான் நிஜம்.

உங்கள் குடியிருப்பு மாதர் சங்கத்தில் சாதனைப் பெண்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், யாரைச் சொல்லலாம் என்று கேட்டிருந்தாயே, நம் காவிரிக்கரைப் பெண்களையே சொல். ஆனால் ஒரு வேண்டுகோள். "மன உறுதி இருந்தால் யாரும் சாதிக்கலாம்" என்று மட்டும் முடித்துவிடாதே. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது. மலை போல உறுதி இருந்தும் எட்டாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகளை நாம் ரெண்டு பேருமே வகுப்பில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவர்களுக்கு உறுதி போதவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை எடுத்துக்கொள். 1883இல் பிறந்தவர். வறுமை தாங்காமல் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் அம்மா குழந்தையை நம் மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூரில் ஒரு தாசி வீட்டில் கொடுத்துவிட்டார் என்பார்கள். அந்தத் தாயை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். இராமாமிர்தத்துக்குப் பாட்டும் நாட்டியமும் கிடைத்தது அந்த வீட்டில்தான். அவரை அடைத்து வைக்கப் பார்த்ததும் அதே வீடுதான். பிறகு பாட்டு வாத்தியார் சுயம்பு பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டு வெளியேறினார். தேவதாசி முறையின் உள்ளும் புறமும் அவருக்குத் தெரியும். அதனால்தான் 1936இல் 'தாசிகள் மோசவலை' எழுதியபோது வீட்டுக்குள் நடக்கும் பேரத்தை அப்படியே போட்டு உடைக்க முடிந்தது. 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்துபோன இந்தி எதிர்ப்புப் படையில் அவரும் இருந்தார். வயது அப்போது ஐம்பத்தைந்து.

முத்துலட்சுமி ரெட்டியும் கிட்டத்தட்ட அதே காலம்தான், 1886. புதுக்கோட்டை. அவருடைய தாயார் சந்திரம்மாளும் இசை வேளாளர் வீட்டுப் பெண். ஆனால் அப்பா நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய பிறகும் மகளுக்கு வீட்டிலேயே பாடம் நடந்தது. ஆண் பிள்ளைகள் மட்டுமே படித்த கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று ஊரில் எதிர்ப்பு கிளம்பியபோது புதுக்கோட்டை ராஜா இடம் கொடுத்தார். 1912இல் டாக்டர், 1927இல் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் துணைத் தலைவர். தேவதாசி முறைக்கு எதிரான சட்டம் 1947இல் நிறைவேறியதில் இந்த இரண்டு பெண்களின் உழைப்பும் கலந்திருக்கிறது. ஒருவர் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். இன்னொருவர் ஊர் ஊராகப் போய் அந்தப் பெண்களிடமே பேசினார். ஒருவருக்குக் கல்லூரி முதல்வரான அப்பாவும் ராஜாவும் வாய்த்தார்கள். இன்னொருவருக்குப் பத்து ரூபாயும் பழைய புடவையும். இதைச் சொல்லாமல் ரெண்டு பேரையும் ஒரே மூச்சில் "சாதனையாளர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனால், இராமாமிர்தம் எங்கிருந்து புறப்பட்டு வந்தார் என்பதே கேட்பவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

இன்னொரு ஜோடியும் உண்டு. இதைத்தான் நீ கட்டாயம் பேச வேண்டும். சகோதரி சுப்புலட்சுமி, மணலூர் மணியம்மை. ரெண்டு பேரும் தஞ்சை ஜில்லாக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், அக்கிரகாரத்துப் பெண்கள், சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர்கள். பட்ட அடி ஒன்றுதான். சுப்புலட்சுமியின் குடும்பத்துக்குப் பூர்வீகம் ரிஷியூர். பதினோரு வயதில் விதவை. அப்பா சென்னையில் உத்தியோகம் பார்த்தவர். மகளின் தலையை மழிக்க விடாமல் படிக்க வைத்தார். உறவுக்காரர்கள் ஏசியதையெல்லாம் அந்தக் குடும்பம் தாங்கிக்கொண்டது. 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். மறு வருஷமே தன்னைப் போன்ற சின்ன விதவைப் பெண்களைச் சேர்த்து வைத்துப் படிக்க வைக்க ஆரம்பித்தார். பிறகு கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அந்த விடுதி நடந்தது.

மணியம்மைக்குச் சென்னையும் இல்லை, கல்லூரியும் இல்லை. திருவாரூர்ப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பி வந்து பண்ணையைப் பார்த்துக்கொண்டார். கண்ணெதிரே தெரிந்தது பண்ணையாட்களுக்கு விழுந்த சவுக்கடியும் வாயில் ஊற்றிய சாணிப்பாலும்தான். அந்த அம்மாள் முடியை வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, சிலம்பம் கற்றுக்கொண்டு சேரிக்குப் போனார். செங்கொடிச் சங்கத்தில் நின்றார். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1953இல் ஒரு மான் முட்டி இறந்துபோனார். அந்தச் சாவை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் மணியம்மையைப் பற்றி 'பாதையில் பதிந்த அடிகள்' எழுதியிருக்காவிட்டால் நமக்கே இவ்வளவு தெரிந்திருக்காது.

சுப்புலட்சுமி மணலூரில் வளர்ந்திருந்தால்? மணியம்மைக்கு அப்படி ஓர் அப்பா இருந்திருந்தால்? ஒருவர் பள்ளிக்கூடம் கட்டினார், இன்னொருவர் வயலில் இறங்கினார். துணிச்சல் ரெண்டு பேருக்கும் இருந்தது. அந்தத் துணிச்சல் எந்த வழியில் போகும் என்பதை வீடும் ஊரும் தீர்மானித்தன. எனக்கு இது நிச்சயமாகத் தோன்றுகிறது.

ஒருத்திக்குக் கிடைத்த துணை இன்னொருத்திக்குப் போய்ச் சேர்வதும் உண்டு. டி.வி.எஸ். கம்பெனியைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் தம் விதவை மகள் சௌந்தரத்தை டாக்டருக்குப் படிக்க வைத்தார். அந்தச் சௌந்தரம் அம்மாள் மதுரையில் ஒரு கூலிக்காரத் தாயின் மகளுக்குப் படிக்கக் கைகொடுத்தார். அந்தப் பெண்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்துக் கொன்ற பிறகு கணவரோடு நம் நாகைப் பக்கம் வந்து, 1981இல் உழுகிறவர்களுக்கு நிலம் வாங்கித் தரும் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்கள் பேரில் நிலம் வாங்கிக் கொடுத்தார். ஒரு பணக்கார அப்பா மகளுக்காக எடுத்த முடிவு எங்கே வந்து நிற்கிறது பார்.

போன வாரம் சாயங்காலம் ஒரு அம்மா வந்தாள். நடவு முடித்து நேராக வந்திருக்கிறாள். விரல்களெல்லாம் சேற்றில் ஊறி வெளுத்து, நுனியில் தோல் சுருங்கிக் கிடந்தது. தருமபுரம் ஞானாம்பிகை அரசு மகளிர் கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். புதுமைப்பெண் திட்டத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டாள். மாதம் ஆயிரம் ரூபாய் வருமே, அது. அந்தத் திட்டம் நம் மூவலூர் அம்மையார் பேரில்தான் இருக்கிறது என்று சொன்னேன். "அப்படியாக்கா, நம்ம ஊர்க்காரங்களா?" என்று கேட்டுவிட்டு, உடனே பஸ் கவலைக்குப் பேச்சை மாற்றிவிட்டாள். காலையில் கட்டணமில்லா பஸ் நேரத்துக்கு வராவிட்டால் மகள் முதல் வகுப்பைக் கோட்டை விட்டுவிடுவாள், தம்பியைப் பள்ளிக்கு அனுப்பவும் ஆள் இல்லை, தானோ விடியும் முன்பே வயலுக்குப் போக வேண்டும். அந்தத் தம்பியைக் காலையில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடம் எதிரிலேயேதானே இருக்கிறது.

பேச்சை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. மணியம்மையைச் சுருக்கிவிடாதே. ஐப்பசியில் கடைமுழுக்குக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாயேன். முடிந்தால் ரெண்டு பேருமாகத் திருவாரூர் போய் மணலூரையும் பார்த்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி