எட்டாம் வகுப்பு லால்பாக் பயணம்: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை லால்பாக்குக்கு அழைத்துச் செல்கிறோம். "ஞாயிற்றுக்கிழமை நாங்களே கூட்டிப்போன இடம்தானே, அதற்கு ஒரு பள்ளி நாளா?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பெங்களூர்க்காரர்கள் பெரும்பாலும் லால்பாக் போவது பூவுக்காக. கண்ணாடி மாளிகை, மலர்க் கண்காட்சி, ஒரு போட்டோ, அவ்வளவுதான். அங்கே இருக்கும் பாறைக்குன்று உட்கார்ந்து கடலை கொறிக்கிற இடமாகிவிட்டது. நாங்கள் போவது அந்தப் பாறைக்காக. அதற்குப் பிறகு ஏரிக்கு.

ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம் இது. கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நட்டது 1889-ல். பாறையின் வயதோ சுமார் 300 கோடி ஆண்டு. பார்க்கிறவர்கள் கருங்கல் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையில் இது நைஸ் என்னும் வரிப்பாறை. நிலத்துக்கு அடியில் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் தாங்கித் தாங்கி, தாதுக்கள் பட்டை பட்டையாகப் பிரிந்து நின்றுவிட்டன. வெளிர் பட்டையில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும், கறுப்புப் பட்டையில் பயோடைட் என்னும் கருமைக்கா. தென்னிந்தியாவின் பெரும்பகுதி இந்தப் பாறைமேல்தான் நிற்கிறது. மைசூர் நிலவியல் துறையின் ஸ்மீத் 1916-ல் இதற்குப் 'பெனின்சுலர் நைஸ்' என்று பெயர் வைத்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை லால்பாக் குன்றைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அந்தக் கல்வெட்டும் அங்கேயே உண்டு.

ஒவ்வொரு பிள்ளையும் பாறையில் ஓர் அடிச் சதுர இடத்தைத் தேர்ந்துகொண்டு, ஒரு ரூபாய் நாணயத்தை அளவுக்காகப் பக்கத்தில் வைத்து, பட்டைகளை வரைய வேண்டும். பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளை நரம்பு ஓடினால், எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல வேண்டும். (வெட்டுவதுதான் பிந்தியது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.) பாறையில் பெயர் கிறுக்குவதும், கல்லால் தட்டிப் பார்ப்பதும் கூடாது.

இனி செருப்பு விஷயம். இந்தக் கடிதத்தில் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பத்தி இதுதான். குன்று உயரமில்லை, சரிவும் செங்குத்தில்லை. அதனாலேயே பிள்ளைகள் ஓடுவார்கள். வெயிலும் மழையும் பட்டு, பாறையின் மேற்பரப்பு தகடு தகடாக உரிந்து, பொடிந்து, பருமணலாகச் சரிவில் கிடக்கும். தேய்ந்த அடிப்பாகமுள்ள செருப்பு அதன்மேல் பட்டால் குண்டுமணிமேல் கால் வைத்த மாதிரிதான். ஏறும்போது யாரும் விழுவதில்லை. எடை முன்னால் இருக்கும். இறங்கும்போது குதிகாலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள், கால் நழுவும். ஹவாய் செருப்பு, பின்வார் இல்லாத சாண்டல், தேய்ந்த பள்ளி ஷூ மூன்றும் வேண்டாம். முந்தின இரவே ஷூவைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வரிப்பள்ளம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். புது ஷூ வாங்க வேண்டியதில்லை. மாற்று ஷூ இல்லாதவர்கள் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறோம்.

மழைநீர் வடிகிற வழியெல்லாம் பாறையில் கறுப்புத் தடம் இருக்கும். அது பாசி. காய்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது, ஈரமானால் எண்ணெய் ஊற்றியது போலத்தான். முந்தின இரவு மழை பெய்தால் அந்தத் தடங்களைச் சுற்றிக்கொண்டு போவோம். அன்று காலை தூறினாலோ, இடி கேட்டாலோ குன்றில் ஏறுவதே இல்லை. ஏரியை மட்டும் பார்த்துத் திரும்புவோம். பிள்ளைகள் முகம் சுருங்கினாலும் இதில் மாற்றமில்லை.

உச்சியில், பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடா பெயரில் ஒரு சிறு கோபுரம். நகரம் இவ்வளவு தூரம் வளரும் என்று எல்லை குறித்ததாகச் சொல்லப்படும் நான்கில் இது ஒன்று. இன்னொன்று நம் அல்சூர் ஏரிப் பக்கம், ராணுவ வளாகத்தை ஒட்டி இருக்கிறது. உச்சியில் நின்று நாலு பக்கமும் பார்த்தால், நகரம் அந்த எல்லைகளை எப்போதோ தாண்டிவிட்டது தெரியும்.

பயணம் மெட்ரோவில். காலை 6.30-க்குப் பள்ளியில் கூடி, அல்சூர் நிலையத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, லால்பாக் நிலையத்தில் இறங்குவோம். சில்க் இன்ஸ்டிட்யூட் பக்கம் போகும் வண்டி. மெஜஸ்டிக்குக்கு அடுத்து நான்காவது நிலையம். ஆபீஸ் கூட்டம் சேருவதற்குள் மெஜஸ்டிக்கைத் தாண்டிவிட வேண்டும், அதற்காகத்தான் இந்த அதிகாலை. எட்டு எட்டுப் பேராக ஐந்து குழு, குழுவுக்கு ஓர் ஆசிரியர். கதவு மூடிக்கொண்டு ஒரு பிள்ளை நடைமேடையில் நின்றுவிட்டால், அதே இடத்தில் நிற்க வேண்டும். கடைசியில் ஏறும் ஆசிரியர் அங்கே இருப்பார். வண்டிக்குள் மாட்டிக்கொண்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், திரும்பி வரக் கூடாது. இருவரும் ஒருவரையொருவர் தேடிக் கிளம்பும்போதுதான் உண்மையில் தொலைந்து போகிறார்கள். இதை வீட்டில் ஒரு தடவை பிள்ளையின் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பையில் கத்தி, கத்தரிக்கோல் இருந்தால் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

நிலையத்திலிருந்து தோட்டத்தின் குறுக்கே நடந்து முதலில் பாறை. வெயில் ஏறினால் பாறை சூடேறும், அப்புறம் அங்கே உட்கார்ந்து வரைய முடியாது. பத்து மணிக்கு இறங்கி ஏரிக்கரை. நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைப்பதையும், மடையான் மண்ணோடு மண்ணாக நின்றுவிட்டுப் பறக்கும்போது மட்டும் வெள்ளையாவதையும் பார்க்கலாம். மீனுக்கு ரொட்டி, பொரி போடக் கூடாது. தின்னாதது நீரில் அழுகும். அழுகும்போது மீனுக்கு வேண்டிய பிராணவாயு குறையும். கரையோரக் கல்லில் இறங்கவும் அனுமதி இல்லை.

மரங்களில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கலாம். அன்றைக்கு சென்ட், வாசனை எண்ணெய் வேண்டாம். தேனீ கொட்டினால் உடம்பு வீங்கி மூச்சு முட்டும் பிள்ளைகள் இருந்தால் ஒப்புதல் சீட்டில் மறைக்காமல் எழுதுங்கள். ஆஸ்துமா இன்ஹேலர் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும், ஆசிரியர் பையில் வேண்டாம்.

வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டு வரட்டும். மெட்ரோவில் சாப்பிட முடியாது, தோட்டத்துக்குள்ளும் டப்பா திறக்கப் போவதில்லை. மதியச் சாப்பாடு பள்ளியில். ஸ்டீல் பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர், ஸ்வெட்டர், தொப்பி, பென்சில், வரைபுத்தகம், ஒரு ரூபாய் நாணயம். செல்போன் வேண்டாம்.

கையெழுத்திட்ட சீட்டு டிசம்பர் 5-க்குள் வகுப்பாசிரியர் கைக்கு வர வேண்டும். சீட்டு வராத பிள்ளை அன்று ஏழாம் வகுப்பில் உட்காரும். 12.45-க்குப் பள்ளிக்குத் திரும்பிவிடுவோம். பிற்பகல் வகுப்புகள் வழக்கம்போல நடக்கும், ஆகவே மாலை 4 மணிக்கு வந்து அழைத்துச் சென்றால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்