அம்மாவின் இடப்பக்கம்

ஹட்டன்

அன்புள்ள செல்வா,

இத்தனை மாதம் எழுதாததற்கு நீ ஏசுவாய் என்று தெரியும். நேரில் வந்து ஏசு. மகளின் ஏ.எல். சோதனை எப்படிப் போனது?

சித்திரையில் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. மூளையின் வலப்பக்கம். இடது கை கொஞ்சம் தளர்ந்ததோடு போயிற்று என்று நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அப்புறம்தான் விசயமே. ரொட்டியின் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு "இன்னொன்று தா" என்கிறார். மறுபாதி சம்பலோடு அப்படியே கிடக்கிறது. தட்டைத் திருப்பி வைத்தால், புதிதாக வைத்ததுபோல அதையும் சாப்பிடுகிறார்.

மனைவி இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் பதில் இல்லை. மாமிக்குத் தன்மேல் கோபம் என்று அவள் இரண்டு வாரம் அழுதாள். நானும் அம்மாவை அதட்டிவிட்டேன் மச்சான். நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

கண்ணில் குறையே இல்லையாம். மூளையின் வலப்பாதி இரண்டு பக்கத்தையும் கவனிக்கும், இடப்பாதி பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும். அதனால் வலப்பாதி அடிபட்டால் இடப்பக்கத்தைக் கவனிக்க ஆளில்லை. கிளினிக்கில் கடிகாரம் வரையச் சொன்னார்கள். 12 எண்களையும் வலப்பாதிக்குள் நெருக்கி எழுதினார்.

இத்தாலியில் பிசியாக், லுசாட்டி என்ற இருவர் 1978இல் எழுதியதைப் படித்தேன். இப்படிப்பட்ட நோயாளிகளிடம், மிலான் நகரத் தேவாலயச் சதுக்கத்தை நினைத்துப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்கள்தான் வந்தன. எதிர்த்திசையில் நிற்பதாக நினைத்ததும், விட்டுப்போனவை வந்தன, முன்பு சொன்னவை காணாமல் போயின.

அன்று இரவு தூக்கமில்லை. காலையில் அம்மாவிடம், நம் பழைய தேயிலைத் தோட்டத்தை நினைக்கச் சொல்லி, "வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று கோயிலைப் பாருங்கள், என்ன தெரிகிறது?" என்றேன். தண்ணீர்ப் பீலி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம், அந்தப் பலா மரம் என்று வரிசையாகச் சொன்னார். நாற்பது வருடம் குடியிருந்த எங்கள் லயத்தைச் சொல்லவில்லை. "சரி, இப்போது கோயில் படியில் நின்று களத்தைப் பாருங்கள்" என்றேன். கொழுந்து நிறுக்கும் மடுவம் வந்தது, லயம் வந்தது, வாசலில் இருந்த செவ்வந்திகூட வந்தது. அம்மாமார் உன்னையும் என்னையும் விட்டுவிட்டு வேலைக்குப் போன பிள்ளை மடுவம் இல்லை. கண்ணுக்கு வெளியே மட்டுமல்ல செல்வா, நினைவுக்குள்ளேயும் இடப்பக்கம் போய்விடுகிறது.

இப்போது தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறோம். அது தெரியும்வரை தலையைத் திருப்பிப் பழக வேண்டும். போன ஞாயிறு தானாகவே தேடிக் கண்டுபிடித்தார். மனைவி மறுபடி அழுதாள்.

மார்கழியில் கட்டாயம் வா. முதலில் அம்மாவின் வலப்பக்கம் வந்து பேசு. உன்னைத் தெரிந்துகொண்டதும், பேசியபடியே மெல்ல இடப்பக்கம் போய் உட்கார். உன் குரலைத் தேடி அவர் திரும்ப வேண்டும்.

அன்புடன்,
ராஜா