பிக்கரிங்கில் வராத விமான நிலையமும் மிராபெலில் வந்ததும்

அன்புள்ள மகள் ஆரணிக்கு,

போனில் இதைக் கதைக்க வெளிக்கிட்டால் நீ பாதியில் மறிப்பாய், நான் கோபப்படுவேன், பிறகு இரண்டு பேரும் பேரனின் சளியைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

போன கிழமை நீ சொன்னது இதுதான். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் விமான நிலையம் கட்டுவதில்லை என்று 2025 ஜனவரியில் ஒட்டாவா அறிவித்தது பெரிய மடத்தனம். நாலு கமக்காரர் ஐம்பது வருடமாகப் பிடித்த பிடிவாதத்துக்கு முழு ரொறன்ரோவும் பியர்சன் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிறது. நீ நகரத் திட்டமிடல் படித்தவள், அதே வேலை செய்கிறவள். வரைபடத்தை விரித்து வைத்து உன்னோடு வாதாட என்னால் முடியாது. ஆனால் நீ கட்டியிருக்கவேண்டும் என்று சொல்கிற மாதிரியான விமான நிலையம் ஒன்றில் நான் நிலம் துடைத்திருக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மொன்றியலுக்கு வெளியே இருந்த மிராபெல் விமான நிலையம் உனக்கு நினைவிருக்காது. நானும் அப்பாவும் வந்து இறங்கிய இடம் என்று மட்டும் கேள்விப்பட்டிருப்பாய். எண்பதுகளில் மொன்றியலுக்கு வந்த எங்கட சனம் முக்கால்வாசியும் அங்கேதான் இறங்கியது. வேறு வழியில்லை, கடல் தாண்டி வருகிற விமானங்கள் எல்லாம் மிராபெலில்தான் இறங்கவேண்டும் என்பது அரசாங்கத்தின் சட்டம்.

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதைக் கேள். அறுபதுகளின் முடிவில் மொன்றியலின் பழைய டோர்வல் விமான நிலையம் நிரம்பி வழியப்போகிறது என்று கணக்குப் போட்டார்கள். எக்ஸ்போ 67 நடந்து முடிந்த சூடு, அதற்குப் பிறகு ஒலிம்பிக்கும் கிடைத்தது. ஜெட் இரைச்சலால் ஊருக்குள் முறைப்பாடுகள். ஒலியைவிட வேகமான விமானங்கள் கூட்டம் கூட்டமாக வரும் என்ற நம்பிக்கை வேறு. ஒட்டாவா ஒரு இடத்தைச் சொல்ல, கியூபெக் அரசு இன்னோர் இடத்தைச் சொல்ல, கடைசியில் 1969இல் நகரத்துக்கு வடமேற்கே சென்ற் ஸ்கொலாஸ்ரிக் என்ற கமக்காரப் பகுதியில் வந்து நின்றார்கள். எடுத்த காணி 97,000 ஏக்கர். லவால் தீவு முழுவதையும்விடப் பெரியது, பிள்ளை. உலகத்திலேயே பெரிய காணி வைத்திருக்கிற விமான நிலையம் என்று அப்போது பெருமையாகச் சொன்னார்கள். ஏறக்குறைய 3,000 குடும்பங்களின் காணி அது.

1975 அக்டோபர் 4ஆம் தேதி திறந்தார்கள். வருடத்துக்குக் கோடிக்கணக்கான பயணிகள் வருவார்கள் என்று போட்ட திட்டம். வந்தவர்கள் எந்த வருடத்திலும் முப்பது லட்சத்தைத் தாண்டவில்லை.

இதற்குத் தூரம்தான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவு, உண்மைதான். ஆனால் தூரத்தை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். உலகத்தில் எத்தனையோ விமான நிலையங்கள் ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன, சனம் போய் வருகிறது. இங்கே தூரத்தைச் சமாளிக்கவேண்டிய எல்லாவற்றையும் பாதியில் விட்டார்கள். வேக ரயில் ஓடும் என்றார்கள், கட்டடத்தின் அடியில் ரயில் நிலையத்துக்கு இடம்கூட விட்டார்கள், ரயில் வரவே இல்லை. 13ஆம் இலக்க நெடுஞ்சாலையை விமான நிலையம் வரை நீட்டுவோம் என்றார்கள். அது இன்றைக்கும் புவாபிரியானில் வந்து நிற்கிறது, நீயே பார்த்திருப்பாய்.

அதைவிடப் பெரிய பிழை, டோர்வலை மூடாமல் விட்டது. உள்நாட்டு விமானமும் அமெரிக்க விமானமும் டோர்வலில், ஐரோப்பிய விமானம் மிராபெலில். லண்டனிலிருந்து வந்து ஹலிஃபக்ஸ் போகிற ஒரு மனிசன் மிராபெலில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, டோர்வலுக்குப் போய் அடுத்த விமானம் பிடிக்கவேண்டும். யார் இந்தக் கரைச்சலுக்கு வருவார்கள்? விமானக் கம்பனிகளும் மெல்ல மெல்ல ரொறன்ரோவுக்கு நேரே பறக்கத் தொடங்கின. உன்ரை பியர்சன் இவ்வளவு வளர்ந்ததற்கு மிராபெலும் ஒரு காரணம், அதையும் குறித்து வைத்துக்கொள். மொன்றியலில் இருந்து வியாபாரமும் ஆங்கிலக்காரரும் ரொறன்ரோவுக்குப் போனதற்கு அரசியல் காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் ஒரு கட்டடத்தின் மேல் போடக்கூடாது.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். வடிவான கட்டடம். கறுப்புக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஒரே ஒரு பெரிய மண்டபம், உயரக் கூரை. காரை விட்டு இறங்கி நூறு மீட்டர் நடந்தால் விமானம் ஏறலாம் என்கிற மாதிரிக் கட்டினார்கள். விமானம் தூரத்தில் வெளியில் நிற்கும், அதனிடம் ஒரு அறை போகும். ஓம், அறைதான். சில்லு வைத்த அறை. நாங்கள் வந்த அன்று விமானக் கதவு திறந்ததும் அந்த அறைக்குள் போய் நின்றோம். அது அப்படியே கீழே இறங்கி, பனிக்குள் ஊர்ந்து போய், மண்டபத்தின் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அப்பா என் காதில் "இது பஸ்ஸோ வீடோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிக்கவும் பயம், எந்தச் சிரிப்பை எந்த அதிகாரி எப்படி எடுப்பாரோ என்று. கையில் கடிதமில்லாமல் வந்தவர்களுக்கு அது சிரிக்கிற இடமில்லை. அகதி வழக்குக்கு எழுதி முடித்து வெளியே வந்தால் ஊரைக் காணவில்லை. வெளிச்சம் ஒன்றுமில்லாத வயல். கனடா என்றால் இதுதான் போல என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகு வேலை தேடின காலத்தில் எனக்குக் கிடைத்ததும் அங்கேதான், துப்புரவு வேலை. வேலை கொடுத்த கொந்தராத்துக்காரர் வேலை முடிகிற நேரத்தையும் கடைசி பஸ் போகிற நேரத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை. அதனால் நாங்கள் ஐந்து பேர் ஒரு பழைய காரில், பெற்றோல் காசைப் பகிர்ந்துகொண்டு 15ஆம் இலக்க வீதியால் போய் வருவோம். சினோ கொட்டினால் வேலைக்குப் போய்ச் சேருவதே ஒரு வேலை. விமான நிலையத்தைத் தூரத்தில் வைக்கிறவர்கள் பயணிகளை மட்டும்தான் யோசிக்கிறார்கள். பயணிக்கு அது வருடத்துக்கு ஒருமுறை. கோப்பி ஊற்றுகிறவளுக்கும் பெட்டி ஏற்றுகிறவனுக்கும் தினமும் அந்தத் தூரம். உன்ரை அறிக்கைகளில் இதற்கு ஏதாவது ஒரு நிரல் இருக்கிறதா?

மண்டபத்தில் பின்னேரம் சில மணித்தியாலம்தான் சனம். ஐரோப்பிய விமானங்கள் மத்தியானம் தாண்டி வரும், பொழுதுபட்டதும் திரும்பிப் போகும். அந்த நேரத்தில் வரிசை, அழுகிற பிள்ளைகள், மலசலகூடத்தில் ஈரம். மற்ற நேரம் முழுக்க ஆளில்லாத நிலத்தை மெஷினால் மினுக்குவோம். என்னோடு வேலை செய்த ஒரு வயதான கியூபெக்காரி இருந்தாள். இடைவேளையில் அந்தக் கறுப்புக் கண்ணாடியோடு நின்று ஒருநாள் கையைக் காட்டினாள். அங்கே, அந்த மரங்களுக்குப் பக்கத்தில் எங்கட வீடு, அதற்குப் பின்னால் மேப்பிள் பாகு காய்ச்சுகிற கொட்டில் என்றாள். அவளுடைய தகப்பன் தன் சொந்தக் காணியிலேயே அரசாங்கத்துக்கு வாடகை கட்டிக்கொண்டு கொஞ்சக் காலம் கமம் செய்தாராம். வீடு பிறகு இடிபட்டது. இடித்த இடத்தில் ஓடுபாதையாவது வந்ததா என்றால், இல்லை. புல் வளர்ந்தது.

எனக்கு அந்தக் கதை விளங்க மொழி தேவைப்படவில்லை. எங்கட வீடு கட்டுவனில், பலாலி ஓடுபாதைக்குக் கிட்ட. செம்பாட்டு மண், வெங்காயமும் வாழையும் வைத்த தோட்டம். 1990இல் அம்மம்மா ஆட்கள் உடுத்த துணியோடு எழும்பி ஓடினார்கள், அந்தப் பகுதி முழுக்க உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. 2019 அக்டோபரில் பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். யாழ்ப்பாண ரவுணுக்குக் கிட்ட, சென்னைக்குச் சின்ன ஓட்டம், பயணிக்கு வலு வசதியான இடம். நீயும் போன முறை அதாலேதான் போய் வந்தாய். நான் அதைப் பிழை சொல்லவில்லை, எனக்கும் அந்த விமானம் வேண்டும். ஆனால் எங்கட காணி இன்னும் வேலிக்கு உள்ளே. அங்கே யுத்தம், இங்கே சட்டம், இரண்டும் ஒன்றல்ல என்பதும் எனக்குத் தெரியும். இங்கே நட்டஈடு கொடுத்தார்கள், வழக்குப் போடலாம், கத்தலாம்.

கத்தினார்கள்தான். அதற்குப் பலனும் கிடைத்தது. எண்பதுகளில் மல்றோனி அரசாங்கம் 80,000 ஏக்கர் அளவில் கமக்காரருக்குத் திருப்பி விற்றது. 2006இல் ஹாப்பர் அரசாங்கம் இன்னும் 11,000 ஏக்கரைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. கூட்டிப் பார், 97,000இல் மிச்சம் என்ன? இவ்வளவுதான் தேவையென்றால் ஏன் அவ்வளவை எடுத்தார்கள்? இதுதான் என் கேள்வி. வருங்காலக் கணக்கு ஒன்று பிழைத்தால், கணக்குப் போட்டவருக்கு ஒன்றும் நடக்காது. இன்னொரு கணக்குப் போடுவார்.

மிச்சக் கதை உனக்குத் தெரியும். 1997இல் சர்வதேச விமானங்களையும் டோர்வலுக்கே திருப்பினார்கள். 2004 அக்டோபர் 31ஆம் தேதி பாரிஸுக்குப் போன விமானத்தோடு மிராபெலில் பயணிகள் சேவை முடிந்தது. அதே வருடம்தான் டோர்வலுக்குப் பழைய பிரதமர் பியர் ட்ரூடோவின் பெயரை வைத்தார்கள். மிராபெலைக் கட்டினது அந்த மனிசனின் அரசாங்கம்! 2014இல் கட்டடத்தை இடிக்க முடிவெடுத்தார்கள், இப்போது அந்தக் கறுப்புக் கண்ணாடி இல்லை. சரக்கு விமானம் வருகிறது, எயார்பஸ் ஏ220 அங்கே பொருத்துகிறார்கள், அதில் நல்ல வேலைகளும் இருக்கின்றன.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். "அம்மா, இன்றைக்கு டோர்வலுக்கு வருடத்தில் இரண்டு கோடிக்கு மேல் ஆட்கள் வருகிறார்கள், வாசலில் கார் நகராது, மிராபெல் இருந்திருந்தால் உதவியிருக்குமே" என்பாய். இருக்கலாம். அவர்களுடைய கணக்கு முழுப் பிழையில்லை, காலம்தான் பிழை. ஆனால் சனத்தின் வீட்டை நாற்பது வருடம் முந்தி இடித்துவிட்டு, "பார், இப்போது சரியாக வந்துவிட்டது" என்று சொன்னால் யார் ஏற்றுக்கொள்வார்கள்?

இலங்கையில் மத்தல விமான நிலையமும் இதே கதைதான், கொஞ்சம் பகிடியாக. கொழும்பிலிருந்து அவ்வளவு தூரத்தில், அம்பாந்தோட்டைப் பக்கம், யானையும் மயிலும் திரிகிற காட்டுக்குள் சீனக் கடனில் 2013இல் திறந்தார்கள். பிறகு அதன் களஞ்சியத்தில் நெல் சேர்த்து வைத்தார்கள். 2016இல் மிருகங்களைத் துரத்த முந்நூறுக்கு மேற்பட்ட படையினரும் பொலிஸாரும் போனார்கள். அந்த இடத்தைத் தெரிவுசெய்ததற்குப் பெரிய காரணம், அது அப்போதைய ஜனாதிபதியின் மாவட்டம். மிராபெல்காரர் அந்த அளவுக்குப் போகவில்லை, அவர்கள் நேர்மையாகவே பிழை விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, பிக்கரிங்குக்கு வா. 1972இல் 18,600 ஏக்கர் எடுத்தார்கள். 1975இல் ஒன்ராறியோ அரசு வீதியும் கழிவுநீர்க் குழாயும் தரமாட்டோம் என்று சொல்ல, திட்டம் படுத்துவிட்டது. அது படுத்ததே தவிர சாகவில்லை. ஐம்பது வருடமாக அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் வரும், வராது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வீடுகளுக்குப் பலகை அடித்தார்கள், பிறகு இடித்தார்கள். கமக்காரரின் பிடிவாதம் என்கிறாய். எனக்குத் தெரிந்த பிடிவாதம் காணியை எடுத்துவிட்டு ஐம்பது வருடம் ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்ததுதான். இப்போது ரூஜ் தேசிய பூங்காவோடு சேர்க்கப்போகிறார்களாம், சந்தோசம். நல்ல மண் அது, உருளைக்கிழங்கு போட்டாலும் வரும்.

பியர்சனுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். ஹமில்ரன், வாட்டர்லூ விமான நிலையங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு ஒழுங்கான ரயில் விடச் சொல்லி எழுது. புதிதாகக் கட்டத்தான் வேண்டுமென்றால் முதலில் ரயிலைக் கட்டட்டும். ரயில் ஓடின பிறகு காணியைக் கேட்கட்டும். உங்கட கந்தோரில் இதைச் சொன்னால் சிரிப்பார்களோ தெரியாது.

அப்புறம், நீ நத்தாருக்கு வருகிறபோது அப்பா கார் கொண்டு வரமாட்டார். கண் ஒப்பரேசன் செய்தபிறகு இரவில் ஓடவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். டோர்வலில் இறங்கி 747 பஸ் எடுத்து லியோனல் குரூவில் இறங்கு, மெட்ரோவில் ஏறினதும் ஒரு மெசேஜ் போடு. பேரனுக்குச் சரியான சப்பாத்து போட்டு அனுப்பச் சொல்லு, போன முறை கால் நனைந்துதான் சளி பிடித்தது. மருமகனுக்கு மிளகாய்த்தூள் வறுத்து வைத்திருக்கிறேன், ஒரு பெட்டியில் இடம் விட்டு வா.

அன்புடன்,
அம்மா