பாசி மாத்திரையும் அப்பத்தாவும்

ஆசிரியருக்கு,

கடற்பாசிச் சத்து மூட்டுவாத வீக்கத்தைத் தணிக்கும் என்ற தங்கள் செய்தியைப் படித்தேன். நல்ல செய்திதான். ஆனால், பழுப்புப் பாசியிலுள்ள ஃபுகாய்டன் என்ற சர்க்கரை வகைப் பொருள் வீக்கத்தைக் குறைப்பது பெரும்பாலும் ஆய்வகத்திலும் விலங்குகளிடமும் கண்டது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். இப்படியொரு துணுக்கைக் கேட்டுத்தான் எங்கள் அப்பத்தா, மருத்துவர் தந்த முடக்குவாத மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாசி மாத்திரைக்கு மாறினார். இரண்டே மாதத்தில் வீட்டின் உள்முற்றமான வளவிலிருந்து வாசல் பக்க முகப்புக்கு வரவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பாசியைக் குறை சொல்லவில்லை, அவசரம்தான் கெடுத்தது.

இனி இத்தகைய செய்திகளில், மனிதரிடம் சோதித்தார்களா என்பதைத் தலைப்புக்கு அடியிலேயே குறிப்பிடுங்கள். அப்புறம், அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் கடலியல் துறை இருக்கிறது. அவர்களிடமும், ஒரு மூட்டுநோய் மருத்துவரிடமும் கேட்டு எழுதினால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு உதவும்.

– ஒரு வாசகர், காரைக்குடி