ஃபார்மட் கேட்கும் ஹார்டு டிஸ்க்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘ஃபார்மட் செய்தால்தான் இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முடியும்’ என்று விண்டோஸ் சொன்னதுமே ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறவர்கள் பெங்களூரில் ஏராளம். சில கடைகளில் எடுத்த எடுப்பிலேயே செக் டிஸ்க் (டிஸ்க்கிலேயே திருத்தி எழுதும் விண்டோஸ் கருவி) ஓட்டுகிறார்கள், அல்லது ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். பிறகு ரிக்கவரிக்குத் தனி பில். டிஸ்க்கைக் கொடுக்கும் முன் ‘இமேஜ் எடுத்துவிட்டுத்தானே கை வைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். இமேஜ் என்றால் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு ஃபைலாகப் பிரதி எடுப்பது. மழுப்பினால் திரும்பி வந்துவிடுவது நல்லது.

பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) காணாமல் போனால் பெரும்பாலும் கெட்டிருப்பது, அது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணை மட்டும்தான். பழைய முறையான எம்பிஆர் டிஸ்க்கில் அது முதல் செக்டாரில் (டிஸ்க்கைப் பிரித்திருக்கும் சிறு கட்டங்களில் ஒன்று) உள்ள வெறும் 64 பைட். புதிய முறையான ஜிபிடி என்றால் டிஸ்க்கின் கடைசியில் ஒரு நகலும் உண்டு. விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ், தன் முதல் செக்டாரான பூட் செக்டாருக்கு ஒரு நகலைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் வைத்திருக்கும். மேலே எதுவும் எழுதாத வரை கல்யாண வீடியோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

இமேஜ் எடுக்க சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸைப் பென்டிரைவில் போட்டு பூட் செய்தால் போதும். வேண்டிய கருவிகள் எல்லாம் அதிலேயே உள்ளன. அவற்றில் இமேஜ் எடுக்கும் டிடிரெஸ்க்யூவுக்கு மூன்று பெயர்கள் தர வேண்டும்: பழுதான டிஸ்க், இமேஜ் ஃபைல், எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல். இந்த வரிசை மாறினால் எல்லாம் போச்சு. டிஸ்க்கின் மாடலையும் சீரியல் நம்பரையும் பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். மேப் ஃபைல் கொடுத்திருந்தால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இமேஜ் போய்ச் சேரும் டிஸ்க் FAT32 (பழைய ஃபைல் சிஸ்டம்) ஆக இருக்கக்கூடாது, 4 ஜிபியில் நின்றுவிடும். நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 1 டிபிக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும்.

பிறகு, தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் டெஸ்ட்டிஸ்க்கை அந்த இமேஜ் மீது ஓட்டுங்கள். அட்டவணை வகையை அதுவே ஊகித்துச் சொல்லும், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அனலைஸ், குயிக் சர்ச் முடிந்து பார்ட்டிஷன் தெரிந்ததும் ‘பி’ அழுத்துங்கள். ஃபைல் பெயர்கள் ஒழுங்காக வந்தால் அதுதான் நாம் தேடியது. வராவிட்டால் டீப்பர் சர்ச். அட்டவணையைத் திருத்தி எழுதும் ‘ரைட்’ கொடுக்க அவசரமே இல்லை. ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்துகொண்டாலே வேலை முடிந்தது.

பலர் கவனிக்காத ஒன்று, எக்ஸ்டெர்னல் டிஸ்க்கின் உறை. கேபிள் சரியில்லை என்று உறையை உடைத்து, உள்ளே இருக்கும் டிஸ்க்கை நேரடியாக மதர்போர்டில் மாட்டுவார்கள். பார்ட்டிஷனைக் காணோம் என்பார்கள். சில பெரிய டிஸ்க்குகளில் உறைக்குள் இருக்கும் சிறிய போர்டு, செக்டாரை 4096 பைட் என்று கம்ப்யூட்டருக்குக் காட்டும். நேரடியாக மாட்டினால் அதே டிஸ்க் 512 என்று காட்டும். 256-வது செக்டாரில், அதாவது 1 எம்பியில் தொடங்கும் பார்ட்டிஷனை இப்போது 128 கேபியில் போய்த் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லை! பழைய போர்டிலேயே மாட்டினால் எல்லாம் வந்துவிடும். சில போர்டுகள் டேட்டாவை என்கிரிப்ட் செய்தே எழுதும் என்பதால், உடைத்த உறையைக் குப்பையில் போட வேண்டாம்.

ஃபைல்களின் உள்ளடக்கத்தைப் பார்த்தே மீட்கும் போட்டோரெக் கடைசி வழி. ஃபைல் சிஸ்டம் முழுக்கச் சிதைந்திருந்தாலும் படங்களை மீட்கும், ஆனால் பழைய பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. ஆயிரக்கணக்கில் வந்து விழும் படங்களை உட்கார்ந்து பிரிக்கப் பொறுமை வேண்டும். மீட்பதை அதே டிஸ்க்கில் சேமிக்கவே கூடாது.

லேப்டாப்பில் இருக்கும் எஸ்எஸ்டியை விண்டோஸில் ஃபார்மட் செய்துவிட்டால், ட்ரிம் (காலியான இடத்தை எஸ்எஸ்டியையே அழிக்க வைக்கும் கட்டளை) காரணமாக அநேகமாக எதுவும் மிஞ்சாது. விண்டோஸின் என்கிரிப்ஷனான பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரிக்கவரி கீ இல்லாமல் நகர முடியாது. ‘டக், டக்’ என்று சத்தம் வரும் ஹார்டு டிஸ்க்கில் எந்த மென்பொருளையும் ஓட்டாதீர்கள். உடனே பவரை நிறுத்திவிட்டு, தூசி இல்லாத க்ளீன் ரூம் வசதி உள்ள லேபுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு